பூவரச இலையில் நண்டு

பழவேற்காட்டில் மளிகைப் பொட்டலத்தைப் பிரித்ததும் சரக்கை விட்டுவிட்டுக் காகிதத்தைப் படிக்கிற பெண் ராபியா ஒருத்திதான். துவரம்பருப்பு சுற்றிவந்த தாளில் சமையல் குறிப்பு ஏதாவது இருந்தால், அதை நீவி மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிடுவாள். பொட்டலத் தாளில் குறிப்பு முழுதாக இருக்காது. "பிறகு ஆறவைத்து, மேலே முந்திரி தூவிப் பரிமாறவும்" என்று முடிவு மட்டும் இருக்கும். எதை ஆறவைப்பது என்பது வேறு யார் வீட்டுப் பொட்டலத்திலோ போயிருக்கும். ராபியா அதற்காக விட்டுவிட மாட்டாள். முடிவிலிருந்து பின்னோக்கி யோசித்து, ஏதோ ஒன்றைச் செய்து, ஆறவைத்து, முந்திரிக்குப் பதில் வேர்க்கடலை தூவிப் பரிமாறிவிடுவாள்.

அதைச் சாப்பிட வேண்டியவன் அவள் கணவன் மக்பூல். பொன்னேரியில் ஒரு ஜவுளிக் கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலை. காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புவான். மாதம் ஒருமுறை பொன்னேரி ஸ்டேஷன் கடையில் பெண்கள் பத்திரிகை ஒன்றை வாங்கிவந்து அவளிடம் கொடுப்பான். அதற்கான பலனையும் அவனே அனுபவித்தான். எதைத் தட்டில் வைத்தாலும் முதலில் சாப்பிடுவான். பிறகு, "நல்லா இருக்குது. இது இன்னாது?" என்பான். எப்போதும் அதே வரிசையில்தான் கேட்பான்.

மதியம் ரேடியோவில் மகளிர் நிகழ்ச்சி வரும். அறிவிப்பாளர் குறிப்பை வேகமாகப் படித்துக்கொண்டே போவார். பென்சில் கிடைக்காத நாளில் ராபியா கரித்துண்டால் அடுப்படிச் சுவரில் எழுதிவிடுவாள். மாமியார் மரியம் பீவி அதைப் பார்த்து, "வூடா, இஸ்கூலா?" என்று கேட்பாள். ராபியாவுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும் குழந்தை இல்லை. அதைப் பற்றி வீட்டில் பேசுவது நின்று சில காலம் ஆகியிருந்தது. சுவரில் எழுதுவதை மட்டும் மரியம் பீவி தினமும் திட்டினாள். ஆனால் ஒருநாளும் அழிக்கவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் பத்திரிகையில் "'அவன்' அடுப்பு இல்லாமலே கேக்" என்று ஒரு குறிப்பு வந்தது. இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் பாத்திரத்தை வைத்து, மூடியின் மேல் தணல் போட வேண்டும். பழவேற்காட்டில் மணலுக்கு எங்கே போவது என்ற கேள்வியே இல்லை. பெருநாளைக்கு ராயபுரத்திலிருந்து மக்பூலின் உறவுக்காரர்கள் வருவதாக இருந்தது. பட்டணத்துக்காரர்களுக்குக் கேக் செய்து போடுவது என்று ராபியா முடிவு செய்தாள். குறிப்பில் என்ன இருந்ததோ அதை அப்படியே செய்தாள். சோடா உப்பு இரண்டு மேஜைக்கரண்டி என்று இருந்தது. இரண்டு மேஜைக்கரண்டி போட்டாள்.

கேக் பாத்திரத்தை விட்டு எழுந்து, மூடியைத் தூக்கி, மணலில் வழிந்து, நடுவில் குழிந்து உட்கார்ந்தது. நிறம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ராயபுரத்து அம்மாள் ஒரு துண்டை வாயில் போட்டாள். அவள் கண் பெரிதாகி, பிறகு மெல்ல மூடியது. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவள் தவிப்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மக்பூல் கையை நீட்டி ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டான். இன்னொன்றும் எடுத்தான். "நல்லா இருக்குது," என்றான். அன்று மட்டும் இது என்னது என்று கேட்கவில்லை.

விருந்தாளிகள் போனதும் மரியம் பீவி மிச்சத்தைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "இத்த வெச்சி துணி தொவைக்கலாம்டி," என்றாள்.

ராபியா அழுதாள். அளவில் எங்கேயோ தன் கைதான் தவறியது என்று நம்பி, அடுத்த வாரமே மறுபடி செய்தாள். மறுபடியும் அதே சோப்பு. பிறகு இன்லாண்டு லெட்டர் ஒன்று வாங்கிப் பத்திரிகைக்கு எழுதினாள். "ஆசிரியர் அவர்களுக்கு, தங்கள் கேக்கை இரண்டு முறை செய்தேன். இது அச்சுப் பிழையா, என் கைப் பிழையா என்று தயவுசெய்து தெரிவிக்கவும். என் மாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது."

இரண்டு மாதம் கழித்து அந்தக் கடிதம் பெயர், முகவரியோடு பத்திரிகையில் வந்துவிட்டது. கீழே சின்ன எழுத்தில், அது அரைத் தேக்கரண்டி என்று இருந்திருக்க வேண்டும், வருந்துகிறோம் என்று போட்டிருந்தார்கள். மக்பூல் அந்தப் பக்கத்தை ஜவுளிக் கடையில் எல்லோருக்கும் காட்டினான்.

அடுத்த பத்தாம் நாள் ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது.

"அன்புள்ள ராபியா அக்காவுக்கு, ஆரம்பாக்கம் குணசுந்தரி எழுதிக்கொண்டது. உங்களை எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தைப் படித்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். ஏனென்றால் அதே கேக்கை நானும் செய்தேன். எங்கள் வீட்டு மாடுகூட அதைத் தின்னவில்லை. ஆனால் நான் பத்திரிகைக்கு எழுதாமல் நானே அளவைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தேன். ஐந்தாவது தடவை சரியாக வந்தது. எங்களிடம் கோழிகள் இருப்பதால் முட்டைக்குக் கவலை இல்லை. சரியான அளவு பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உங்கள் மாமியாருக்கு இதைக் காட்டவும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. குணசுந்தரிக்கு இருபத்தாறு வயது. நெல் விவசாயம் செய்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் தருமலிங்கம், மாமியார் பவுனம்மாள். அவளும் ரேடியோ கேட்பவள். இவள் தவறவிட்ட வரியை அவள் பிடித்திருப்பாள், அவள் தவறவிட்டதை இவள் பிடித்திருப்பாள். இரண்டு கடிதத்தையும் சேர்த்தால் ஒரு குறிப்பு முழுதாகும். இன்லாண்டு லெட்டரின் மடிப்பு ஓரம்வரை எழுத்து நிரம்பி வழியும்.

குணசுந்தரி வீட்டில் மீன் உண்டு, நண்டு கிடையாது. ஆனால் அவளுக்கு நண்டின் மேல் ஆசை. ராபியா மூன்று கடிதங்களில் நண்டு வெட்டக் கற்றுக்கொடுத்தாள். ஓட்டை எங்கே பிடித்துத் திறப்பது, எதை எறிவது, எதை எறியக்கூடாது என்று படம்கூடப் போட்டிருந்தாள். பதில் வந்தது: "அக்கா, சுண்ணாம்புக்குளத்திலிருந்து நண்டு கொண்டுவருகிறவரிடம் ஆறு வாங்கினேன். நீங்கள் எல்லாம் எழுதினீர்கள், கொடுக்குக் கட்டை அவிழ்க்காதே என்று மட்டும் எழுதவில்லை. அத்தை கட்டில் மேல் ஏறிவிட்டார்கள். ஐந்து நண்டைப் பிடித்துவிட்டோம். ஒன்று நெல் குதிருக்குப் பின்னால் போயிருக்கிறது." அதை ராபியா சத்தமாகப் படித்தபோது மரியம் பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படியை விட்டே வெளியே போய்விட்டாள்.

எண்பதாம் வருஷக் கடைசியில் பத்திரிகை ஒரு போட்டி அறிவித்தது. இதுவரை எங்கும் அச்சில் வராத பலகாரம் ஒன்றை, உங்கள் ஊரில் கிடைக்கும் பொருளைக் கொண்டே செய்து அனுப்ப வேண்டும். இருவரும் ஒரே நாளில் ஒருவருக்கொருவர் எழுதினார்கள். இரண்டு கடிதங்களும் வழியில் எங்கோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்க வேண்டும். ராபியா நண்டு என்று எழுதியிருந்தாள். குணசுந்தரி புது அரிசி மாவுக் கொழுக்கட்டை என்று எழுதியிருந்தாள். சரி, கொழுக்கட்டைக்குள் நண்டை வைத்துவிடுவோம் என்று முடிவாயிற்று.

பவுனம்மாள் குறுக்கே நின்றாள். புள்ளையாருக்குப் படைக்கிற பண்டத்தில் நண்டை வைப்பதா என்று இரண்டு நாள் மருமகளோடு பேசவில்லையாம். குணசுந்தரி யோசித்து எழுதினாள்: "உருண்டையாகப் பிடிக்காமல் தட்டையாகத் தட்டி, பூவரச இலையில் மடித்து வேகவைத்தால் அது அடை. தோட்டத்துக் கல் அடுப்பில் செய்தால், அடையில் எதை வைத்தாலும் அத்தைக்கு ஆட்சேபணை இல்லை. கேட்டுவிட்டேன்."

நண்டை வேகவைத்துச் சதையை உதிர்த்து, சின்ன வெங்காயம், மிளகு, தேங்காய்ப் பூவோடு புரட்டி உள்ளே வைப்பது ராபியாவின் பங்கு. அது இரண்டாவது முறையே அமைந்துவிட்டது. மாவுதான் படுத்தியது. பழவேற்காட்டில் விரிசல் விட்டது, ஆரம்பாக்கத்திலும் விரிசல் விட்டது. வெந்து எடுத்தால் நடுவில் வெடித்துச் சதை வெளியே நின்றது. மக்பூல் வெடித்த அடைகளை மூன்று வாரம் சாப்பிட்டான். இருவரும் மாற்றி மாற்றி எழுதினார்கள். தண்ணீர் கூட்டிப் பார், குறைத்துப் பார், நல்லெண்ணெய் விட்டுப் பார்.

பிறகு ஆரம்பாக்கத்திலிருந்து கடிதம் நின்றது.

ராபியா இரண்டு கடிதம் எழுதினாள். பதில் இல்லை. மூன்றாவதற்கு ஒரு தபால் கார்டு வந்தது. எழுத்து வேறு மாதிரி இருந்தது. "என் மனைவிக்கு வலது கையில் கொதிநீர் கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். இப்போதைக்கு எழுத முடியாது. இப்படிக்கு, தருமலிங்கம்."

ராபியா கார்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாலை மக்பூல் வந்தபோதும் அப்படியே இருந்தாள்.

"மாவுக்குத் தண்ணி கொதிக்க வெச்சிருப்பா," என்றாள். "நான்தான் நல்லா தளபுளான்னு கொதிக்கணும்னு எழுதினேன்."

"நீ எழுதலேன்னா அவங்க சோறு வடிக்க மாட்டாங்களா? அதுலயும்தான் கொட்டும்."

"நான் போய்ப் பாக்கணுங்க."

மக்பூல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "வர்ற வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. பெருமாள் படகு சுண்ணாம்புக்குளம் போவுதான்னு கேக்கறேன்," என்றான்.

மரியம் பீவிக்கு அது பிடிக்கவில்லை. "மூஞ்சி தெரியாதவங்க வூட்டுக்கு ஆராவது போவாங்களா? கடுதாசில பேசினதெல்லாம் சொந்தமா?" என்றாள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவளே முதலில் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றாள். "சும்மா பாத்துனு நிக்காத. காத்து மாறிடும்," என்றாள்.

ராபியா ஒரு பையில் ரொட்டியும் வாழைப்பழமும் வைத்திருந்தாள். இன்னொரு கையில் பனையோலைக் கூடை. கூடைக்குள் ஏதோ அசைந்தது.

"இன்னாடி அது?"

"நண்டு, மாமி."

"நோவுல கிடக்கறவளப் பாக்கப் போறப்ப ஆராவது நண்டு எடுத்துனு போவாங்களா?"

"வேற இன்னா எடுத்துனு போறதுன்னு தெரியல மாமி," என்றாள் ராபியா. அது உண்மைதான். போட்டிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. ஆனால் அவள் அதை நினைத்து எடுக்கவில்லை. குணசுந்தரிக்குத் தன்னிடமிருந்து எது போனாலும் அது நண்டாகத்தான் இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

ஏரியில் தெற்கத்திக் காற்று படகின் பாயை நிரப்பிக் கொண்டுபோயிற்று. தண்ணீர் இடுப்பளவுதான் இருந்த இடங்களில் படகுக்காரர் பெருமாள் இறங்கித் தள்ளினார். சுண்ணாம்புக்குளத்தில் கரையேறி, அங்கிருந்து ஒரு கட்டை வண்டி பிடித்து, ஆரம்பாக்கம் போய்ச் சேர வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. தபால் ஆபீஸில் கேட்டதும், "பழவேற்காட்டுக் கடுதாசி வருமே, அந்த வூடா?" என்று வழி காட்டினார்கள்.

வாசலில் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த கிழவி நிமிர்ந்து பார்த்தாள். "யாரும்மா நீங்க?"

"பழவேற்காட்டுலேர்ந்து வரோம். என் பேரு ராபியா."

பவுனம்மாள் கையிலிருந்த துழாவு கட்டையைக் கீழே போட்டாள். "கடுதாசி ராபியாவா? ஏம்மே, குணா, இங்க பாரு ஆரு வந்துகிறாங்கன்னு!"

ராபியா தன் மனதில் ஒல்லியான, சின்ன உருவப் பெண் ஒருத்தியை வைத்திருந்தாள். உள்ளேயிருந்து வந்தவள் உயரமாக, அகலமாக, நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றாள். வலது கை முழங்கைவரை வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. அவள் ராபியாவைப் பார்த்தாள். கட்டுப் போட்ட கையை முன்னால் நீட்டி, பிறகு பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"கையக்கூட புடிக்க முடியலயே அக்கா," என்றாள்.

ராபியா அவளுடைய இடது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "என்னாலதானே," என்றாள்.

"உங்களாலன்னு ஆரு சொன்னது? துணி வழுக்கிச்சி, குண்டான் சாஞ்சிது. அத்த வுடுங்க." குணசுந்தரி குரலைத் தாழ்த்தினாள். "மாவு ஏன் வெடிக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சி போச்சி. அன்னிக்கி மொத ஈடு எடுத்தேன், ஒண்ணுகூட வெடிக்கல. ரெண்டாவது ஈட்டுக்குத் தண்ணி வெக்கும்போதுதான் கொட்டிக்கினேன். இருவது நாளா இத்த சொல்ல முடியாம நெஞ்சிலயே வெச்சிகினு கீறேன். இவருகிட்ட எழுதச் சொன்னா, கை வெந்தும் புத்தி வரலையான்னு எழுந்து போயிட்டாரு."

தருமலிங்கம் கொஞ்சம் தள்ளி, மக்பூலுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் காதில் அது விழுந்தது. திரும்பி ராபியாவிடம் சொன்னான்: "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அன்னிக்கி இவ கத்துன கத்து இன்னும் காதுலயே கீது. அதான்."

"தப்பு இன்னா இருக்குது," என்றாள் ராபியா. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

குணசுந்தரியின் பார்வை கூடையின் மேல் விழுந்தது. "அது இன்னா அக்கா?"

"நண்டுதான். திட்டாத. மாமி ஏற்கெனவே திட்டிட்டாங்க."

குணசுந்தரி சிரிக்க ஆரம்பித்தாள். இருபது நாளாக அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டிருக்கவில்லை போலும், பவுனம்மாள் மருமகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னாள்: "என் அடுப்பங்கரையில நண்டு ஏத்த மாட்டேன். அது எங்க வழக்கம், தப்பா நெனக்காதம்மா. பின்னால தோட்டத்துல கல்லு கூட்டித் தரேன். சட்டி பானையெல்லாம் எடுத்துக்க."

பின்னால் பூவரச மரத்தடியில் அடுப்பு மூட்டினார்கள். குணசுந்தரி ஒரு முக்காலியில் உட்கார்ந்து வாயால் சமைத்தாள். ராபியா கையால் சமைத்தாள். மாவை வறுக்கக் கூடாது, காயவைத்துச் சலித்தது போதும். கொதிநீரை விட்டுக் கிளறியதும் உடனே பிசையாமல், ஈரத்துணி போட்டு மூடிக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருத்தல்தான் இத்தனை நாளாக விட்டுப்போனது. ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் என்றாள் குணசுந்தரி. பவுனம்மாளும் மரியம் பீவியும் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே அந்த நேரத்தை அளந்து கொடுத்தார்கள்.

"எங்க வூட்ல செவுரெல்லாம் கரி," என்றாள் மரியம் பீவி.

"எங்க வூட்ல அந்த ஆறாவது நண்டு உசுரோட கிடைக்கவே இல்ல," என்றாள் பவுனம்மாள். "நாத்தத்த வெச்சித்தான் கண்டுபுடிச்சோம்."

இலை பறிக்க ராபியா எழுந்தபோது தருமலிங்கம் ஏற்கெனவே மரத்தில் ஏறியிருந்தான். பழுத்ததை விட்டு, ஓட்டை விழாத இலையாகப் பார்த்துப் பறித்துத் துண்டில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தான். "இது போதுமா?" என்றான். பிறகு அடுப்பில் குண்டானை ஏற்றும்போது ராபியாவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவனே இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றினான். இறக்கியதும் அவன்தான்.

ஆவி அடங்கியதும் ராபியா ஓர் இலையைப் பிரித்தாள். அடை வழுவழுவென்று, இலை நரம்பின் கோடுகளோடு, எங்கும் வெடிக்காமல் இருந்தது. ஒரு துண்டைப் பிட்டு ஊதி, குணசுந்தரியின் வாயில் வைத்தாள். குணசுந்தரி மெதுவாக மென்றாள். அவளுக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"மிளகு கொஞ்சம் கம்மி," என்றாள் குணசுந்தரி.

"கம்மியா? நான் போட்டதே அதிகம்னு இருந்தேன்."

"கம்மிதான் அக்கா."

மக்பூல் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டான். "நல்லா இருக்குது," என்றான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். "இது இன்னாதுன்னு எனக்கே தெரியும்," என்றான்.

மாவு கொஞ்சம் மிச்சமிருந்தது. பவுனம்மாள் நண்டைத் தொட மாட்டாள் என்பதால் ராபியா அதில் வெல்லமும் தேங்காயும் வைத்து, வேறு பாத்திரத்தில் அவளுக்காக நாலு அடை அவித்துக் கொடுத்தாள். பவுனம்மாள் வாங்கிக்கொண்டாள். நாலையும் தின்றாள். இலையை மடித்துக் கீழே வைத்துவிட்டு, "இந்தக் கையிக்கு மாவு அடங்குது," என்று மரியம் பீவியிடம் சொன்னாள்.

போட்டிக்கு எழுதவேண்டிய குறிப்பைத் தருமலிங்கம் எழுதினான். இரண்டு பெண்களும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, மிளகு ஒரு ஸ்பூனா ஒன்றரையா என்று சண்டை போட்டதில் அவன் மூன்று தாளைக் கிழித்தான். கடைசியில் ஒன்றேகால் என்று எழுதிக் கையெழுத்து இடத்தில் இரண்டு பெயரையும் போட்டான். யார் பெயர் முதலில் என்று அவன் கேட்கவில்லை. வயதில் மூத்தவள் என்று ராபியாவின் பெயரையே முதலில் எழுதிவிட்டான்.

ஐந்து மாதம் கழித்து முடிவு வந்தது. முதல் பரிசு வேறு யாருக்கோ. பூவரச இலை நண்டு அடைக்கு மூன்றாம் பரிசு, ஒரு பிரஷர் குக்கர். பெயர் இரண்டு, குக்கர் ஒன்று. அது பார்சலில் ராபியாவின் முகவரிக்கு வந்து சேர்ந்தது. அவள் அதைத் திறக்கவே இல்லை. அப்படியே மக்பூலோடு படகேறி ஆரம்பாக்கம் கொண்டுபோனாள். குணசுந்தரியின் கை ஆறியிருந்தது. தோல் சுருங்கி, இரண்டு விரல் மட்டும் முழுதாக மடங்கவில்லை. அந்தக் கையாலேயே பார்சல் கயிற்றை அவிழ்த்தாள்.

"நீங்களே வெச்சிக்கங்க அக்கா. உங்க நண்டு இல்லேன்னா இது ஏது?"

"மாவு கண்டுபுடிச்சது ஆரு? கைய வேகவெச்சது ஆரு? நீயே வெச்சிக்க."

இது அரை மணி நேரம் நடந்தது. பவுனம்மாள்தான் முடித்துவைத்தாள். "இன்னாத்துக்கு சண்ட? பொங்கலுக்கு இங்க இருக்கட்டும், நோன்புக்கு அங்க போவட்டும். மத்த மாசத்துல மாத்தி மாத்தி வெச்சிக்கங்க," என்றாள்.

அப்படியே செய்தார்கள். பெருமாளின் படகில் அந்தக் குக்கர் வருஷத்துக்கு நாலைந்து தடவை ஏரியைத் தாண்டியது. ஆரம்பத்தில் துணியில் சுற்றிப் பெருமாளிடமே கொடுத்தனுப்பினார்கள். உள்ளே ஒரு கடிதமும், ஏதாவது ஒரு பலகாரமும் இருக்கும். பெருமாள் பலகாரத்தைப் பாதி எடுத்துக்கொள்வது ஊரறிந்த விஷயம்.

எண்பத்துமூன்றாம் வருஷம் தை மாதம் பக்கத்தில் வந்தது. ராபியா குக்கரைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். பெருமாள் வந்து வாசலில் நின்று, வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஆரம்பாக்கத்துக் கிழவி சொல்லியனுப்பியதைச் சொன்னார்.

"பவுனம்மா சொல்லிச்சி. குக்கர மட்டும் அனுப்பினா வாங்க மாட்டாங்களாம். ராபியாவும் மாமியாரும் கூட வந்தாத்தான் வாங்குவாங்களாம். குணாவுக்கு இது நாலாவது மாசம், வாய்க்கு ஒண்ணும் புடிக்கல. உங்க கையால எதனா புதுசா செஞ்சி போடணும்னு சொல்லிச்சி."

ராபியா உள்ளே திரும்பிப் பார்த்தாள். மரியம் பீவி துப்பட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள்.